சுகந்தாமணியின் ஆள்காட்டி விரல்

மூன்று வருடங்களுக்கு முன்னால் தகடு அடிக்கும் பிரஸ்ஸில் வெட்டுப்பட்டு, ஸ்கிராப் தொட்டிக்குள் விழுந்து, யாரும் தேடி எடுப்பதற்குள் லாரியேறிப் போய்விட்ட சுகந்தாமணியின் வலது ஆள்காட்டி விரல், ஆடி மாதத்து வியாழக்கிழமையொன்றில், காலை பதினொன்றே கால் மணிக்கு, ஹக்கீம் பாயின் சிஸ்டம் சென்டரில் திரும்ப வேலைக்கு வந்தது. வந்ததை யாரும் பார்க்கவில்லை. அது கண்ணுக்குத் தெரியவில்லை, காதுக்குத்தான் கேட்டது.

மாற்றுத்திறனாளி அட்டைக்கு இரண்டாவது முறையாக விண்ணப்பம் போட அவள் அங்கே போயிருந்தாள். ஒரு விரல் போனதெல்லாம் குறையில் சேராது என்று முதல் விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது, மேலே ஃபேனும் சுற்றிக்கொண்டே இருந்தது, அவள் மவுஸின் மேல் கையை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது மவுஸின் இடது பட்டன், விரல் இருக்கவேண்டிய இடத்தில் இருந்த வெறும் காற்றுக்குக் கீழே, அமுங்கி எழுந்து, அமுங்கி எழுந்து, நொடிக்குப் பதினான்கு தடவை வீதம் கிளிக் கிளிக் என்று பேச ஆரம்பித்தது.

"அம்மிணி, கையை எடுங்க, பேஜ் ஓடுது," என்றார் பாய்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க பாய். வெரலுதான்."

"எந்த விரலு?"

"போன வெரலு."

"வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பாய் வேறு மவுஸை மாட்டினார். அதிலும் அப்படியே. மூன்று மவுஸ் மாற்றிப் பார்த்துவிட்டு, மவுஸில் கோளாறு இல்லை என்று சொல்லி, அடுத்த ஆளின் ஆதார் திருத்தத்தைக் கவனிக்கப் போய்விட்டார்.

எங்கள் பட்டறைமேட்டில் இதற்காக யாரும் மயங்கி விழவில்லை. இங்கே இருநூறு பிரஸ் ஷெட்டுகள் இருக்கின்றன. உங்கள் வீட்டு மிக்ஸிக்குள் இருக்கும் வாஷரும், பஸ் சீட்டுக்கு அடியில் இருக்கும் பட்டையும், பீரோ கதவின் கீலும் இங்கே அடித்ததாகத்தான் இருக்கும். அடித்தவர்களில் பாதிப் பேர் பத்து வரை எண்ண வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரின் கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எனக்கே இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் கிடையாது. மார்கழியில் அந்த இரண்டு விரலும் நமைக்கும், சொறிவதற்கு இடம் இருக்காது, எரிச்சலாக வரும். ஆகையால் போன விரல் போகாமல் இருக்கிறது என்பது எங்களுக்குப் பழைய சங்கதி. அது வேலை செய்கிறது என்பதுதான் புதிது.

முதல் வாரம் ஊர் முழுக்க அவள் கையைப் பார்க்க வந்தது. விரல் வலிக்கிறதா என்று கேட்டார்கள், நகம் வளர்கிறதா என்று கேட்டார்கள், மருதாணி வைத்தால் பிடிக்குமா என்று கேட்டார்கள், அடுத்த வீட்டு ருக்குமணி தன் தலையைக் காட்டி, பேன் குத்த ஆகுமா என்று உட்கார்ந்தே விட்டாள். ஆகவில்லை. அந்த விரலுக்கு எடுக்கத் தெரியாது, பிடிக்கத் தெரியாது, அழுத்த மட்டும்தான் தெரியும். ரேஷன் கடை வரிசையில் அவள் எவர்சில்வர் தூக்கின் மூடியில் கையை வைத்திருந்தால் மூடி டிக்டிக்கென்று அடித்துக்கொள்ளும், முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்த்து, "ஓ, நீயா புள்ள" என்று வழிவிடுவார். டிஸ்பென்சரி டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் காற்றில் வைத்துப் பார்த்தார், ஏதோ கேட்டது போலிருக்கிறது, 'நரம்பு' என்று எழுதி பி காம்ப்ளெக்ஸ் கொடுத்தார்.

இரண்டாவது வாரம் மற்றவர்கள் வந்தார்கள். விரல் போனவர்கள். ஹக்கீம் பாயின் கடை வாசலில் கட்டிங் ஷெட்காரர்களும் டிரில்லிங்காரர்களும் வரிசையாக நின்று, ஒவ்வொருவராக மவுஸின் மேல் குறைக்கையை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருத்தருக்கும் கிளிக் கேட்கவில்லை. நானும் வைத்துப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது, ஆனாலும் வைத்துப் பார்த்தேன். கருப்பணன் என்ற கட்டிங் ஆபரேட்டர் காலையிலிருந்து மதியம் வரை உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கும்போது, "எம்பட வெரலு வேற எங்கியோ வேலைக்குச் சேந்துருச்சாட்ட இருக்குது" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தவர் வெளியே போய்ச் சைக்கிளைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார்.

அவள் விரல் எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரஸ்ஸில் இரண்டு பச்சைப் பட்டன்கள் இருக்கும், இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கும் டை, தகட்டை வெட்டும் இரும்பு அச்சு, கீழே இறங்கும்; இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டைக்குள் விரல் இருக்க வழியில்லை, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் ஒரு பட்டனைச் சைக்கிள் டியூபை அறுத்துக் கட்டி அமுக்கியே வைத்துவிட்டால் ஒரு கை சும்மா இருக்கும், அந்தக் கை பீஸை வைக்கும், எடுக்கும், உற்பத்தி ஒன்றரை மடங்காகும். பட்டறைமேட்டில் டியூப் கட்டாத பிரஸ் கிடையாது. இன்ஸ்பெக்ஷன் என்றால் அவிழ்ப்போம், கார் போனதும் கட்டுவோம். சுகந்தாமணியின் பிரஸ்ஸில் கட்டியவர் அப்போது சூப்பர்வைசராக இருந்த சென்னியப்பன். விரல் போன அன்று அவர்தான் பேப்பர் எழுதினார்: 'தொழிலாளி தன் சொந்தக் கவனக்குறைவால் தனது வலது ஆள்காட்டி விரலை டைக்குள் வைத்துவிட்டார்.' வலது கை கட்டுப் போட்டிருந்ததால் அவள் அதில் இடது கைப் பெருவிரல் ரேகையை வைத்தாள். சென்னியப்பன் இப்போது சொந்தமாக நான்கு பிரஸ் போட்டிருக்கிறார், ஓனர்கள் சங்கத்துச் செயலாளரும் அவர்தான்.

இனி ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி. அதன் பெயர் 'கிணறு'. யார் செய்த விளையாட்டோ, எந்த ஊரிலிருந்து வந்ததோ, பாயின் சென்டரில் ஒரு நாள் முளைத்து, ஊரையே பிடித்துக்கொண்டது. ஒரு கிளிக்குக்கு ஒரு கூடை மண்; பாறை வந்தால் பத்துக் கிளிக்குக்கு ஒரு சில்லு; யார் கிணற்றில் முதலில் தண்ணீர் வருகிறதோ அவர் ஜெயித்தவர். சுடுவது, ஓடுவது, ஒளிவது எதுவும் கிடையாது. ஷெட்டில் நாளெல்லாம் பட்டன் அழுத்துகிறவர்கள் லீவு நாளில் போய் மறுபடியும் பட்டன் அழுத்துகிறார்களே என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஷெட்டில் அழுத்தினால் வாஷர் வரும், இங்கே அழுத்தினால் தண்ணீர் வரும்.

வருடா வருடம் ஆயுத பூஜையன்று, மிஷின்களெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு லீவில் இருக்கும் நாளில், ஓனர்கள் சங்க மண்டபத்தில் கிணறு போட்டி நடக்கும். ஜெயித்தவர் பெயரைச் சங்கத்து நோட்டில் எழுதி மைக்கில் வாசிப்பார்கள். போன வருடம் ஒரு தகராறு. மூன்று தடவை ஜெயித்த தேவபிரகாஷ், உணவு டெலிவரி ஓட்டுகிற பையன், தானாகக் கிளிக் செய்யும் ஒரு சாஃப்ட்வேரை ஏற்றிவிட்டு, ஆட்டத்தின் நடுவில் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டான். டீ குடித்துவிட்டு வருவதற்குள் அவன் கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகுணி ஆட்டம் என்று மண்டபமே கத்தியது. அவனை வெளியே தள்ளி, மைக்கில் பெயர் சொல்லித் திட்டி, விதியும் எழுதினார்கள்: 'ஆட்டக்காரர் தன் சொந்த விரலால் மட்டுமே சொடுக்க வேண்டும். தானாகச் சொடுக்கும் கருவி எதுவும் கூடாது.'

இந்த வருடம் சுகந்தாமணி பெயர் கொடுத்தாள். ருக்குமணி, "உனக்கெதுக்கு புள்ள இந்த வேலை?" என்று கேட்டதற்கு அவள் சொன்னது எனக்கும் கேட்டது. "அந்த வெரலைப் பத்தி ரெண்டு பேப்பர் இருக்குதக்கா. ஒண்ணுல தப்பு உன்னுதுன்னு எழுதியிருக்குது, இன்னொண்ணுல அதெல்லாம் ஒரு கொறையே இல்லைன்னு எழுதியிருக்குது. அது என்னோட வெரலு, அது வேலை செஞ்சுதுன்னு ஒரு எடத்துல எழுதோணும். அவ்வளவுதான்." அவள் அழவில்லை, வெங்காயத்தைத்தான் உரித்துக்கொண்டிருந்தாள்.

புரட்டாசி முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் பாயின் சென்டரில் முதல் சுற்றுகள் நடந்தன. அவள் எதிரில் உட்கார்ந்தவர்கள் பாறையைத் தொடும் முன்பே அவள் கிணற்றில் தண்ணீர் தளும்பியது. தோற்றவர்கள் யாரும் தகராறு செய்யவில்லை, "சுகந்தாக்காளோட வெரலு அப்படி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். விரல் கருவியா, கருவி விரலா என்ற கேள்வியே எங்களுக்குத் தோன்றவில்லை. தோன்ற வைத்தது ஆறுச்சாமி அண்ணனின் சந்தனக் கிண்ணம்தான்.

ஆயுத பூஜையன்று காலையில், ஊரிலேயே அதிக வருடம் பிரஸ் ஓட்டிய ஆள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், அசைகிறது எதுவோ அதற்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைப்பது இங்கே வழக்கம். அந்த ஆள் ஆறுச்சாமி அண்ணன்தான். அவருக்குக் கண் மங்கல், காது மந்தம். பிரஸ்ஸுகளுக்கு வைத்தார், தராசுக்கு வைத்தார், வாசலில் நின்ற பைக்குகளுக்கும் ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளுக்கும் வைத்தார், மண்டபத்துக்குள் வந்து மானிட்டருக்கும் கீபோர்டுக்கும் வைத்தார், கடைசியில் இறுதிப் போட்டிக்காக உட்கார்ந்து கையைப் பழக்கிக்கொண்டிருந்த சுகந்தாமணியிடம் வந்து, மவுஸ் எங்கே துடிக்கிறதோ அந்த இடத்தில், பட்டனுக்கு அரை அங்குலம் மேலே, காற்றில் ஒரு பொட்டு வைத்தார்.

பொட்டு கீழே விழவில்லை. காற்றிலேயே ஒட்டி நின்று, நொடிக்குப் பதினான்கு தடவை ஏறி இறங்கியது. ஆறுச்சாமி அண்ணன் கும்பிட்டுவிட்டு அடுத்ததாகத் தண்ணீர் மோட்டாருக்குப் போய்விட்டார்.

எதிர் நாற்காலியில் இறுதிப் போட்டிக்கு வந்திருந்தவன் தேவபிரகாஷ். அவன் எழுந்து நின்றான்.

"பொட்டு வெச்சாச்சுல்லீங்க? அப்ப அது மிஷினுதானுங்க?"

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறோம், இன்றைக்குப் பொட்டு வாங்குவது மிஷின். மனுசனுக்குப் பொரியும் சுண்டலும்தான். பொட்டு வைத்த பிறகு அதை விரல் என்று எப்படிச் சொல்வது என்று இத்தனை பேர், மாதக்கணக்கில் அவளுக்கு வழிவிட்டவர்கள், ஒரே நிமிடத்தில் குழம்பிப் போனோம்.

சென்னியப்பன் மைக்கைத் தட்டினார். பத்து நிமிடத்தில் விசாரித்து முடிவு சொல்லப்படும், அதுவரை எல்லோரும் பொரி சாப்பிடலாம் என்றார்.

அந்தப் பத்து நிமிடத்தில் தேவபிரகாஷ் பொரிப் பொட்டலத்தோடு சுகந்தாமணியிடம் வந்தான்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. போன வருசம் என்னைய மைக்குல திட்டுனாங்க. எங்கம்மா முன்னால வரிசையில உக்காந்திருந்துச்சு. எனக்கு ஒரு ரூலு, உங்களுக்கு ஒரு ரூலாங்க்கா?"

"நீ கேக்கறது நாயந்தான் தம்பி. ஆனா நீ மிஷினை வேலை செய்ய விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்ட. நான் எந்திரிச்சுப் போனா அது நின்னுரும். நான் இருந்தாத்தான் அது இருக்குது."

அவன் ஏறி இறங்கும் பொட்டைப் பார்த்தான். "வலிக்குதுங்களா?"

"ஒவ்வொரு கிளிக்குக்கும்."

"ஐயோ! அதைச் சொல்லுங்கக்கா அவங்ககிட்ட. வலிச்சா அது உங்களுதுதானே, மிஷினுக்கு வலிக்குமா?"

"வலிச்சாத்தான் என்னுதா?" என்றாள் அவள். "வலிய வேற அவங்ககிட்டக் காட்டிப் பாஸ் பண்ணோணுமா? மாட்டேன். நீயும் சொல்லப்படாது."

அவன் பொரியைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான்.

விசாரணை மேடையில் நடந்தது. சென்னியப்பன் நடுவில், சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் பக்கத்துக்கொருவராக, வாய் திறக்காமல். இரண்டு பேரும் கடைசி வரை வாய் திறக்கவில்லை என்பதால் அவர்கள் பெயர் இங்கே வேண்டாம். சென்னியப்பன் விதியை வாசித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"சொந்த வெரல்னு எழுதியிருக்குதம்மிணி. உனக்கு அந்த வெரலே இல்லியே."

"இல்லாத வெரலுக்கு எதுக்குங்க பொட்டு வெச்சீங்க?"

"பொட்டு மிஷினுக்கு."

"என்ற நெத்தியிலயும்தான் இருக்குது. நானும் மிஷினுங்களா?"

பின்வரிசையில் பெண்கள் சிரித்தார்கள். சென்னியப்பன் சிரிக்கவில்லை. அவர் கெட்ட மனுசர் என்று நான் சொல்லமாட்டேன். அவரும் பதினைந்து வயதில் பிரஸ்ஸில் நின்றவர்தான், மேடையேறினால் இடது கையைப் பேன்ட் பைக்குள்ளேயே வைத்திருப்பார், ஏன் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் கெட்ட மனுசர் இல்லை என்பதால் எனக்கு அவர் மேல் கோபம் குறைந்துவிடவில்லை.

"செகண்டுக்குப் பதினாலு," என்றார் அவர். "மனுச வெரலு அப்படி அடிக்குமா? தானா ஓடுது. தானா ஓடறதெல்லாம் ஆட்டத்துல தப்பு."

"தானா ஓடறது தப்புங்களா?"

"தப்புத்தான்."

"அப்ப அந்தப் பச்சைப் பட்டனை டியூப் போட்டுக் கட்டுனது யாருங்க?"

மண்டபத்தில் பொரி கொறிக்கும் சத்தம் நின்றது. இருநூறு ஷெட்டிலும் டியூப் இருக்கிறது, இருநூறு ஓனரும் முன் நாற்காலிகளில் இருந்தார்கள், ஆனால் இருபது வருடத்தில் அந்த வார்த்தை இந்த மண்டபத்துக்குள் வந்ததில்லை. என் இல்லாத இரண்டு விரலும் நமைத்தன.

"அது... அது புரொடக்சனுக்கு," என்றார் சென்னியப்பன்.

"அங்க ஒரு பட்டன் ஆளில்லாம அமுங்கிக் கெடந்தா புரொடக்சனு. இங்க என்ற கைக்கடியில ஒரு பட்டன் அமுங்குனா அழுகுணி. செரிங்க. இன்னொண்ணும் கேட்டுக்கறேன். நீங்க எழுதுன பேப்பர்ல 'தனது விரலை'ன்னு எழுதியிருந்தீங்க. என்ற வெரலு, என்ற கவனக்குறைவு. வெட்டுப்படறப்ப என்ற வெரலு, ஜெயிக்கறப்ப மட்டும் மிஷினுங்களா?"

அவள் கத்தவில்லை. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது. யாரோ கை தட்ட ஆரம்பித்து, ஓனர்கள் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். அந்த யாரோ நான்தான், நிறுத்தியதற்காக இன்றைக்கும் எனக்கு என் மேல் வெறுப்பாக இருக்கிறது.

சென்னியப்பன் விதித்தாளை எடுத்து மறுபடியும் படித்தார். பிறகு, வழி கிடைத்துவிட்ட முகத்தோடு நிமிர்ந்தார்.

"செரி, ஒரே ஒரு டெஸ்ட்டு. மிஷினு நம்ம சொல்லுக்கு நிக்காது, சொந்த வெரலு நிக்கும். உன்னோட வெரலுதான்னா, இப்ப நான் சொல்றேன், நிறுத்து. நின்னுருச்சுன்னா உன்னுதுன்னு நானே நோட்டுல எழுதறேன். ஆட்டமும் ஆடு."

நியாயமாகத்தான் பட்டது. மண்டபம் முழுக்கத் தலையாட்டியது. ருக்குமணி எழுந்து, "நிறுத்து புள்ள, ஒரே ஒரு நிமிசம்" என்றாள். கருப்பணன் கையெடுத்துக் கும்பிட்டார். தேவபிரகாஷ்கூட நாற்காலி நுனிக்கு வந்து, "நிறுத்துங்கக்கா, நிறுத்துங்க" என்று முணுமுணுத்தான். அவள் கேட்டது அந்த ஒரு வரிதான், அதை எழுத வேண்டிய நோட்டு அவள் கைக்கெட்டும் தூரத்தில் மேசையில் திறந்து கிடந்தது, பேனாவின் மூடியையும் கழற்றி வைத்திருந்தார்கள்.

அவள் தன் கையைப் பார்த்தாள். விரல் மேசைப் பலகையில் தட்டிக்கொண்டே இருந்தது.

"பதினோரு வருசம் உங்க பெல்லுக்கு ஓடி உங்க பெல்லுக்கு நின்ன வெரலுங்க இது," என்றாள். "இன்னைக்கும் உங்க பேச்சைக் கேட்டு நின்னா, அது உங்க வெரலுங்க. என்னுது இல்லை."

"அப்ப நிறுத்த முடியாதுன்னு எழுதிக்கட்டுமா?"

"என்ன வேணுமோ எழுதிக்கோங்க."

அவர் எழுதினார். எழுதியதை மைக்கில் வாசித்தார்: "நிறுத்த இயலாத காரணத்தால், மேற்படி விரல் ஆட்டக்காரருடையது அல்ல, தானாக இயங்கும் கருவியே என்று முடிவு செய்யப்படுகிறது." கையெழுத்துப் போட்டார், சீல் குத்தினார், பக்கத்து இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், தேவபிரகாஷ் ஜெயித்ததாக அறிவித்து, பளபளவென்றிருந்த கப்பை அவன் கையில் கொடுத்தார்கள். மூன்றாவது பேப்பர் அவளை நோக்கி நீண்டது. அவள் வாங்கவில்லை.

"நீங்களே பத்திரமா வெச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கி, தன் கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்து, தேவபிரகாஷைப் பார்த்து, "ஏந்தம்பி, கெணறு வெட்டவே இல்லியே. வா," என்றாள்.

அவன் கப்பை ஆறுச்சாமி அண்ணனின் மடியில் வைத்தான். "இதைக் கொஞ்சம் பாத்துக்கோங்க, கெணத்தை வெட்டிட்டு வந்தர்றேன்," என்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கையை உதறிக்கொண்டான். சென்னியப்பன் மேடையிலிருந்து, "பாய், சிஸ்டத்தை ஆஃப் பண்ணுங்க!" என்று கத்தினார். அத்தனை வயரையும் காலையில் தன் கையால் மாட்டிய ஹக்கீம் பாய், மேசைக்கடியில் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து, "சுவிட்ச் எங்கே இருக்குன்னே தெரியலியேங்க செயலாளர்," என்றார். பெரிய திரையில் இரண்டு கிணறுகள் தோன்றின.

ஆட்டம் ஆரம்பித்தது. தேவபிரகாஷ் இரண்டு விரலை மாற்றி மாற்றித் தட்டுகிற கெட்டிக்காரன், நொடிக்குப் பத்து வரை போவான், அன்றைக்குப் போனான். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து மண் கூடை கூடையாக ஏறியது, செம்மண் போய்க் கருமண் வந்தது, கருமண் போய்ச் சுக்கான் கல் வந்தது, பாறை வந்தது, பாறையில் பத்துக்கு ஒரு சில்லாகத் தெறித்தது, நாங்கள் நாற்காலிகளை விட்டு எழுந்து, யார் ஓனர் யார் ஆபரேட்டர் என்று பார்க்காமல் திரையைச் சுற்றி நெருக்கினோம், முன்னால் நின்றவர்கள் கூடையை எண்ணிச் சொல்லச் சொல்லப் பின்னால் நின்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். காற்றில் ஒட்டியிருந்த பொட்டு வேர்வையில் கரைந்து, மஞ்சளும் சிவப்புமாக மவுஸின் மேல் வழிந்தது. மிஷினுக்கு வேர்க்காது என்று யாரும் அப்போது மேடையைப் பார்த்துச் சொல்லவில்லை, சொல்ல அவசியமும் இல்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

அவள் கிணற்றில் தண்ணீர் வந்தது. கீழே ஒரு கோடாகத் தெரிந்து, மேலே மேலே ஏறி, திரையின் பாதி நீலமானது. தேவபிரகாஷ் பாறையில் இருந்தான். மவுஸை விட்டுக் கையெடுத்து முதலில் தட்டியவன் அவன்தான், இந்த முறை நானும் நிறுத்தவில்லை.

தட்டல் ஓய்ந்தபோது ஏதோ குறைந்தது போலிருந்தது. என்ன குறைகிறது என்று பிடிபட எங்களுக்குச் சற்று நேரம் ஆனது. ஆடியிலிருந்து எங்கள் காதிலேயே இருந்த சத்தம், ரேஷன் வரிசையிலும் பஸ் கம்பியிலும் டிஸ்பென்சரி பெஞ்சிலும் ஓயாமல் கேட்டுப் பழகிய அந்தக் கிளிக், நின்றிருந்தது. அவள் கை மவுஸின் மேல்தான் இருந்தது. பட்டன் அசையவில்லை. சுகந்தாமணி மூச்சு வாங்கியபடி திரையில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிறுத்த அவளுக்கு மூன்றாம் நாளிலேயே தெரிந்திருந்தது. மூன்று வருடம் சும்மா கிடந்த விரல், ஓடட்டும் என்று விட்டிருந்தாள், அவ்வளவுதான். நகம் வளர்கிறதா, பேன் குத்துமா என்றெல்லாம் கேட்ட நாங்கள், நிறுத்தத் தெரியுமா என்று ஒரு நாளும் அவளிடம் கேட்டதில்லை.

எல்லோரும் மேடையைப் பார்த்தோம். சென்னியப்பனின் கையில் 'நிறுத்த இயலாத' பேப்பர் இருந்தது, சீல் மை இன்னும் காயவில்லை. அவர் பேனாவைத் திறந்தார். "அம்மிணி," என்றார், "வேணும்னா நான் இதை மாத்தி..."

சுகந்தாமணி திரும்பவில்லை. திரையின் மூலையில் இருந்த பெருக்கல் குறிக்கு அம்பை நகர்த்தினாள். பிறகு அந்த விரல், பதினான்கு தடவை அல்ல, ஒரே ஒரு தடவை அழுத்தி, ஆட்டத்தை மூடியது.